லிமிட் எவ்வளவு போடுவது? ஜிடிஜி பேஸ் திறக்கும் பிள்ளைகளுக்கு

"அக்கா, லிமிட் எவ்வளவு போடட்டும்?" என்று சைபர்ஜெயா ஆபீசிலிருந்து அடிக்கடி மெசேஜ் வரும். புது ஜிடிஜி பேஸ் ஒன்று, அதாவது ஒரே பெயரில் வரிசையாகச் சேரும் ஃபைல்களுக்கான தலைப்பு, திறக்க வேண்டியிருக்கும். அதில் எத்தனை ஃபைல் வரை வைத்திருப்பது என்பதுதான் லிமிட். படிவத்தில் அந்த ஓர் இடம்தான் காலி. நான் எண் எதுவும் சொல்வதில்லை. "இந்த ஃபைலில் தப்பு இருந்தால் அதை யார் கண்டுபிடிப்பார், எத்தனை நாள் கழித்து?" என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரியாத பிள்ளை பக்கத்து ஜாப்பில் உள்ள 10-ஐப் பார்த்துத் தானும் 10 போட்டுவிடும். பக்கத்து ஜாப்பில் அந்த 10 எப்படி வந்தது என்று கேட்டால், அதுவும் வேறொரு ஜாப்பைப் பார்த்துப் போட்டதாகத்தான் இருக்கும்.

நான் சுங்கை சிப்புட்டில் வீட்டில் இருந்தபடியே மெயின்ஃபிரேம் ஸ்டோரேஜ் வேலை பார்க்கிறேன். எங்கள் மெஷினில் ஓடுவதில் பெரும்பங்கு தோட்டச் சம்பளம். பால்மரமும் உண்டு, செம்பனையும் உண்டு. அதனால் கீழே வரும் உதாரணங்கள் செக்ரோல் (ஆள்களின் வேலைநாள் பதிவு), சம்பளம், சேமநிதி என்றே இருக்கும். உங்களுடையது வங்கி, காப்புறுதி என்றால் ஃபைல் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் விதம் ஒன்றுதான்.

அடிப்படை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஜிடிஜி என்பது ஒரே பெயரில் வரிசையாகச் சேரும் டேட்டாசெட்களின், அதாவது மெயின்ஃபிரேம் ஃபைல்களின், குழு. எந்த டேட்டாசெட் எங்கே என்று குறித்துவைக்கும் கேட்டலாகில் பேஸ் ஒன்று இருக்கும். அதன் கீழே ஒவ்வொரு ஜெனரேஷனும் ஜி0001வி00, ஜி0002வி00 என்று வால் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த வாலுக்கும் இடம் வேண்டும் என்பதால் பேஸ் பெயர் 35 எழுத்தைத் தாண்டக்கூடாது. ஜாப்பை ஓட்டும் கட்டளை மொழியான ஜேசிஎல்லில் பூச்சியம் என்றால் கடைசியாக வந்தது, மைனஸ் ஒன்று என்றால் அதற்கு முந்தியது, பிளஸ் ஒன்று என்றால் இனி உருவாகப்போவது. லிமிட்டைத் தாண்டி ஒன்று வந்ததும் மிகப் பழையது வரிசையிலிருந்து உருண்டு வெளியே போகும். சாதாரண ஜிடிஜிக்கு உச்சம் 255. மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ் 2.2-இல் வந்த எக்ஸ்டெண்டட் வகைக்கு 999.

லிமிட் எண்ணுவது எதை?

பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். லிமிட் 30 என்றால் முப்பது நாள் ஃபைல் இருக்கும் என்று நினைக்கிறார்கள். மெஷினுக்கு நாளும் தெரியாது, கிழமையும் தெரியாது. கேட்டலாகில் எத்தனை முறை புது ஜெனரேஷன் ஏறியது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

என் அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்தார். செக்ரோல் புத்தகங்களுக்கு அங்கே ஓர் அலமாரி. புதுப் புத்தகம் வந்தால் பழையது ஒன்று ஸ்டோருக்குப் போகும். ஆள் கூடிய மாதங்களில் ஒரே மாதத்துக்கு இரண்டு புத்தகம் எழுத வேண்டியிருக்கும். அப்படி நாலைந்து மாதம் வந்தால், அலமாரி நிறையப் புத்தகம் இருந்தாலும் போன வருஷக் கணக்கு அதில் இருக்காது. ஜிடிஜியும் அதே அலமாரிதான்.

அதனால் முதலில் ஓட்டங்களை எண்ணுங்கள். அட்டவணையில் 'தினசரி' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக்கூடாது. கெடாவில் மாநில வார விடுமுறை வெள்ளியும் சனியும், இங்கே பேராக்கில் சனியும் ஞாயிறும். கூலிம் பக்கத்து ஆபீஸ் திறந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்து ஆபீஸ் மூடியிருக்கும். இரண்டு பக்கத்துக் கணக்கும் ஒரே பேஸில் விழுந்தால் வாரத்துக்கு ஐந்து ஓட்டமா ஏழா? ஆபீஸ் திறந்திருக்கும் நாள் ஆறுதான், ஆனால் இரண்டும் மூடியிருக்கும் சனிக்கிழமையும் ஜாப் ஓடும் என்பதால் ஏழுதான். யாரும் எதுவும் அனுப்பாத தீபாவளி நாளன்றும் ஜாப் தன் நேரத்துக்கு ஓடி, ஒரு ரெக்கார்ட்கூட இல்லாத ஜெனரேஷனை ஏற்றிவைக்கும். அந்தக் காலி ஃபைலும் கணக்கில் ஒன்று. தோட்டத்துக்கு ஒரு பேஸ் என்று பிரித்து வைத்திருக்கும் இடத்தில் இது இன்னும் மோசம். மழைக் காலத்தில் பால் வெட்டு நின்று பெரட்டிலிருந்தே (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) ஆள் திரும்பிப் போகும் நாள்களில் காலி ஜெனரேஷன் அடுத்தடுத்து ஏறும். லிமிட் 10 என்றால் ஒரு பெரிய மழைக்கே உண்மையான கணக்கெல்லாம் உருண்டு போய்விடலாம்.

அடுத்தது மறுஓட்டம். ஒரு ஜாப்பில் மூன்றாவது ஸ்டெப் பிளஸ் ஒன்றை எழுதி, கேட்டலாகிலும் ஏற்றிவிட்டது. ஐந்தாவது ஸ்டெப்பில் ஜாப் விழுந்தது. இரவுப் பணியில் இருப்பவர் அதை முதலிலிருந்து மறுபடி சப்மிட் செய்தால் இன்னொரு பிளஸ் ஒன்று உருவாகும். இப்போது ஒரே நாளுக்கு இரண்டு ஜெனரேஷன். லிமிட்டில் ஓர் இடம் போனதை விடுங்கள். பேஸ் பெயரை மட்டும் கொடுத்து எல்லா ஜெனரேஷனையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும் மாத இறுதி ஜாப் அந்த நாளின் கூலியை இரண்டு தடவை கூட்டிவிடும். மறுஓட்டத்துக்கு முன் பாதியில் நின்ற ஜெனரேஷனை நீக்க வேண்டும் என்பதை ரன்புக்கில் (ஜாப் ஓட்டுபவருக்கான குறிப்பேடு) முதல் வரியாக எழுதுங்கள். அப்படி எழுதிவைத்தாலும் விடியற்காலை மூன்று மணிக்கு அதை எல்லோரும் படிப்பதில்லை என்பதால், லிமிட் போடும்போது கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள்.

தப்பு எப்போது வெளியே வரும்?

எண்ணை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். டிஸ்க், டேப் எல்லாம் அதற்குப் பிறகு. இதற்கான பதில் கம்ப்யூட்டர் அறையில் கிடைக்காது, ஃபைலைப் பயன்படுத்துபவரிடம்தான் இருக்கிறது. போன் போட்டுக் கேளுங்கள்.

தினசரி செக்ரோல் ஃபைலை எடுத்துக்கொள்வோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கையில் சேர வேண்டும். எனவே மாதம் முதல் தேதி ஃபைலில் ஓர் ஆளின் வேலைநாள் விட்டுப்போயிருந்தால், அது அடுத்த மாதம் ஏழாம் தேதி வாக்கில், ஆள் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். 31-உம் 7-உம் சேர்த்து 38 நாள். தினம் ஓர் ஓட்டம் என்றால் 38 ஜெனரேஷன். புது ஜெனரேஷன் ஏறும் அந்த நொடியே பழையது வெளியே போய்விடும், ஏறிய புதியது பழுதா என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே. அதற்காக ஒன்று. மறுஓட்டத்துக்கு ஆறு. மொத்தம் 45. இந்த 45-க்கு உங்களால் காரணம் சொல்ல முடியும். பக்கத்து ஜாப்பின் 10-க்குச் சொல்ல முடியாது.

மாதச் சம்பள மாஸ்டருக்குப் பலர் 13 போடுகிறார்கள், போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட வசதி என்று. நல்ல பழக்கம்தான், ஆனால் நம் ஊருக்கு அது பத்தாது. முதலாளி தொழிலாளிக்கு இஏ படிவம் (வருஷச் சம்பள விவரம்) கொடுக்க பிப்ரவரி கடைசி நாள்வரை நேரம் உண்டு. கிராணிமாரும் மேற்பார்வையாளர்களும் அதை வைத்துத்தான் வருமான வரிப் படிவத்தை நிரப்புகிறார்கள். அந்த வரிப் படிவமான பிஇ படிவத்துக்குக் கெடு ஏப்ரல் 30. கெடுவுக்கு முதல் நாள் திறந்து பார்க்கும் ஆள்தான் அதிகம். "ஜனவரி மாதத்து அலவன்ஸ் இதில் வரவில்லையே" என்று ஏப்ரல் கடைசியில் ஒருவர் கேட்டால், அது போன வருஷத்து ஜனவரி. அந்த வருஷத்துக்கு 12, இந்த வருஷம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை 3, ஆக 15. மே முதல் வாரத்தில் ஏப்ரல் சம்பளம் ஓடும்போது அந்த ஜனவரி வெளியே போகாமல் இருக்க இன்னொன்று, 16. தீபாவளி முன்பணம், போனஸ் என்று இடையில் வரும் தனி ஓட்டங்களும் மறுஓட்டங்களும் சேர்த்து 20 போடுகிறேன். 13 போட்டிருந்தால் கேள்வி வருவதற்கு முன்பே ஃபைல் போயிருக்கும்.

சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) அனுப்பும் ஃபைல்கள் இதைவிட எளிது. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். தப்பு இருந்தால் பெரும்பாலும் அனுப்பியதுமே தெரிந்துவிடும். ஆனாலும் அவற்றை மாஸ்டரோடு சேர்த்தே பார்க்க வேண்டிவரும் என்பதால், மாஸ்டருக்கு என்ன எண்ணோ அதையே கொடுத்துவிடுகிறேன். இங்கே தனியாக மூளையைக் கசக்குவதில் லாபமில்லை.

மணிக்கு ஒரு முறை வரும் ஃபைல் என்றால்? 38 நாளை 24-ஆல் பெருக்கினால் 912. எக்ஸ்டெண்டட் வகை 999 வரை தாங்கும் என்பதால் அங்கே ஓடத் தேவையில்லை. மணிக்கணக்கான ஃபைல்களை இரவில் ஒரே நாள் ஃபைலாகச் சேர்த்து, நாள் ஃபைலுக்கு 45 வையுங்கள். மணி ஃபைலுக்கு மூன்று நாள், அதாவது 72, மறுஓட்டத்துக்குச் சேர்த்து 80 போதும். கேட்டலாகில் தொள்ளாயிரம் வரியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் தண்டனை யாருக்கும் வேண்டாம்.

டிபி2 டேட்டாபேஸின் இமேஜ் காப்பி (மீட்புக்கான பிரதி) ஜிடிஜியில் போகிறதென்றால் ஒரு சொல். லிமிட்டைத் தனியாக முடிவு செய்யாதீர்கள். பிரதிகளைக் குறித்துவைக்கும் சிஸ்காப்பி அட்டவணையில் பதிவு இருந்து, டேட்டாசெட் உருண்டு போயிருந்தால் ரெகவரி நாளன்று அது இல்லாத ஃபைலைத் தேடும். அந்த அட்டவணையின் பழைய பதிவுகளை நீக்கும் மாடிஃபை ரெகவரியில் ஜிடிஜி லிமிட்டையே அளவாகக் கொள்ளச் சொல்லும் வழி உண்டு. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏவிடம் பேசி இரண்டையும் ஒன்றாக வையுங்கள்.

இடம் போதுமா?

எண் கிடைத்த பிறகுதான் இடத்தைப் பார்க்க வேண்டும். 3390 டிஸ்க்கில் ஒரு டிராக் 56,664 பைட், 15 டிராக் ஒரு சிலிண்டர். அரை டிராக் பிளாக் என்றால் 27,998 வரை போகலாம். எங்கள் செக்ரோல் ரெக்கார்ட் போல 400 பைட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிளாக்கில் 69, டிராக்குக்கு 138, சிலிண்டருக்கு 2,070. நாளுக்கு 60,000 ரெக்கார்ட் வந்தால் 29 சிலிண்டர். 45 ஜெனரேஷனுக்கு 1,305. மாடல் 9 வால்யூம் ஒன்றில் 10,017 சிலிண்டர் உண்டு, அதில் 13 சதவீதம். இதற்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

ஆனால் சண்டை வரும். ஏன் என்றால் ஜேசிஎல் எழுதியவர் பாதுகாப்புக்கு என்று 100 சிலிண்டர் பிரைமரி (முதல் ஒதுக்கீடு) கேட்டிருப்பார், மிஞ்சிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஆர்எல்எஸ்இ போட மறந்திருப்பார். 29 சிலிண்டர் டேட்டாவுக்கு 100 சிலிண்டர் மடக்கி வைத்தால், 45-க்கு 4,500. டிஸ்க் நிறைகிறது, லிமிட்டைக் குறை என்று மேலிடம் சொல்லும். லிமிட்டில் கை வைப்பதற்கு முன் ஸ்பேஸ் பாராமீட்டரைத் திறந்து பாருங்கள். நான் பார்த்தவரை பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

மீதி இருந்தால் மேனேஜ்மெண்ட் கிளாஸை (டேட்டாசெட்டை எங்கே, எவ்வளவு நாள் வைப்பது என்ற விதிகள்) பாருங்கள். பிரைமரி டிஸ்க்கில் எத்தனை ஜெனரேஷன் இருக்கலாம் என்று அதில் தனியாகச் சொல்லலாம். கடைசி ஐந்து டிஸ்க்கில், மற்றதெல்லாம் எச்எஸ்எம் (டேட்டாவை டிஸ்க்குக்கும் டேப்புக்கும் நகர்த்தும் மென்பொருள்) வழியாக டேப்புக்கு. லிமிட் 45-ஆகவே இருக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை, முன்பு சொன்ன அந்தப் பேஸ் பெயர் படிக்கும் ஜாப். அது ஓடினால் டேப்புக்குப் போன நாற்பதையும் ரீகால் செய்து டிஸ்க்குக்கு இழுத்துவரும். பசியாறிவிட்டு வந்து பார்த்தாலும் ஜாப் ரீகாலில்தான் நின்றுகொண்டிருக்கும். அப்படிப் படிக்கும் ஜாப் உண்டா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அது ஓடும் நாளுக்கு ஏற்ப டிஸ்க் எண்ணை வையுங்கள், அல்லது அதற்கென்று மாதக் கூட்டு ஃபைல் ஒன்று செய்யுங்கள்.

டிஃபைன் செய்யும்போது கூடவே வரும் இரண்டு தேர்வுகள். எம்ப்டி என்று போட்டால், லிமிட் தாண்டும் நாளில் இருப்பதெல்லாம் ஒரே அடியாக வரிசையை விட்டுப் போகும், புதியது ஒன்றுதான் மிஞ்சும். சம்பள ஃபைலுக்கு இதை நினைத்தும் பார்க்காதீர்கள், நோஎம்ப்டிதான். ஸ்க்ராட்ச் என்றால் உருண்டு போனது டிஸ்க்கிலிருந்தும் அழியும். நோஸ்க்ராட்ச் என்றால் டேட்டா அப்படியே கிடக்கும். எஸ்எம்எஸ் (ஸ்டோரேஜைத் தானாக நிர்வகிக்கும் சிஸ்டம்) கட்டுப்பாட்டில் இல்லாத வால்யூமில் நோஸ்க்ராட்ச் போட்டால், கேட்டலாகில் தெரியாத அநாதை டேட்டாசெட்கள் வருஷக்கணக்கில் இடத்தை அடைத்துக் கிடக்கும். லிமிட்டைச் சரியாகக் கணக்கிட்ட பேஸுக்கு நான் ஸ்க்ராட்ச்சே போடுகிறேன்.

ஏழு வருஷக் கணக்கு

ஆடிட்டர் வந்தால் கேட்கும் எண் 7. 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் கணக்குப் பதிவுகளை ஏழு வருஷம் வைக்கச் சொல்கிறது, வருமான வரிச் சட்டமும் ஏழு. உடனே ஒருவர் 12-ஐ 7-ஆல் பெருக்கி லிமிட் 84 என்று போடுவார். காகிதத்தில் சரிதான். ஆனால் மேலே சொன்ன ஒவ்வொரு மறுஓட்டமும், ஒவ்வொரு போனஸ் ஓட்டமும் ஏழாம் வருஷத்திலிருந்து ஒரு மாதத்தைத் தின்னும். யாருக்கும் சத்தம் கேட்காது. சட்டத்துக்காக வைக்கும் பிரதி ஜிடிஜியில் இருக்கவே கூடாது. மாதம் முடிந்து கணக்கு உறுதியானதும் வருஷமும் மாதமும் பெயரிலேயே இருக்கும் தனி டேட்டாசெட்டுக்கு ஒரு பிரதி, அதற்கு ரிடென்ஷன் தேதி, பிறகு டேப். ஜிடிஜி அன்றாட வேலைக்கு மட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. செக்ரோல் ஜெனரேஷன் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான ஆள்களின் அடையாளக் கார்டு எண், கடப்பிதழ் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கின்றன. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்கிறது. "டேப் மலிவுதானே, 255 போட்டுவிடுவோம்" என்பவரிடம் நான் இதைத்தான் சொல்வேன். டெஸ்ட் சிஸ்டத்தில் எந்தப் பேஸுக்கும் 3-க்கு மேல் நான் கொடுப்பதில்லை. அதிலும் எண்களை மறைத்த பிரதிதான்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேஸ்

பழைய பேஸை மாற்றச் சொன்னால் முதலில் லிஸ்ட்கேட் (கேட்டலாகைப் பட்டியலிடும் கட்டளை) எடுத்து, லிமிட் எவ்வளவு, இப்போது எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு ஐஎஸ்பிஎஃப் 3.4-இல் (டேட்டாசெட் பட்டியல் திரை) அதே பெயரைப் போட்டு, உருவான தேதியையும் கடைசியாகத் தொட்ட தேதியையும் பாருங்கள். லிமிட் 45 இருந்தும் மிகப் பழைய ஜெனரேஷன் இருபது நாள்தான் முந்தியது என்றால், யாரோ அட்டவணைக்கு வெளியே ஓட்டுகிறார்கள். லிமிட்டைக் கூட்டுவதற்கு முன் அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள். பழையவை உருவான நாளுக்குப் பிறகு தொடப்படவே இல்லை என்றால் குறைப்பதைப் பற்றிப் பேசலாம். ஆனால் ஒரு மாதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மார்ச், ஏப்ரலைத் தாண்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், மெஷின் தானே எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவான எஸ்எம்எஃப் 14 ரெக்கார்டுகளை எடுத்தால் எந்த ஜாப் எந்தப் பழைய ஜெனரேஷனைத் திறந்தது என்று தெரியும்.

ஆல்டர் கட்டளையில் லிமிட்டைக் கூட்டுவது ஆபத்தில்லாதது. அதை மாத இறுதிக்கு முன்பே செய்துவிடுங்கள், ஏற்கெனவே உருண்டு போனது கூட்டியதால் தானாகத் திரும்பி வராது. குறைப்பதுதான் ஆபத்து. 45-ஐ 20 ஆக்கினால் அதிகப்படியாக இருக்கும் பழையவை அந்தக் கட்டளையோடு உருண்டு போகும், அடுத்த ஓட்டம்வரை காத்திருக்காது. குறைக்கும் நாளில், போகப்போகும் ஜெனரேஷன்களின் பட்டியலை எடுத்து சம்பளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, சரி என்று எழுத்தில் பதில் வந்த பிறகே கை வையுங்கள். வாட்ஸ்அப் கட்டைவிரல் போதாது.

டிஃபைன் செய்த ஜாப்பிலேயே, லிமிட் வரிக்கு மேலே ஒரு கமெண்ட் போடுங்கள்: "38 நாள், ஏறும் புதியதற்கு 1, மறுஓட்டம் 6, கேட்டது சம்பளப் பிரிவு", கூடவே தேதி. தினம் ஓர் ஓட்டம் இரண்டாக மாறினால் 38-ஐ 76 ஆக்க வேண்டும் என்று அடுத்து வருபவருக்கு அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிடும், எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டியிருக்காது.